கசிவுநீர்க் கோட்டுக்கு மேலே இருப்பது வெறும் காய்ந்த மண் இல்லை

மண் அணைக்குள் கசியும் நீரின் மேல்மட்டத்தைத்தான் கசிவுநீர்க் கோடு என்கிறோம். "கசிவுநீர்க் கோட்டுக்கு மேலே உள்ள மண் காய்ந்து இறுகியிருக்கும், வலிமை அப்படியே நிற்கும், அணைச் சரிவுக்கு அங்கிருந்து ஆபத்து வராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

அந்த மண்ணுக்குக் கூடுதல் வலிமை உண்டு, மறுக்கவில்லை. துகள்களுக்கு இடையே தங்கியிருக்கும் கொஞ்ச நீர் அவற்றை உள்ளிழுத்துப் பிடிக்கிறது. இந்த உறிஞ்சுவிசை 50 கிலோபாஸ்கல், அதில் எவ்வளவு வலிமையாக மாறும் என்பதைக் காட்டும் கோணம் 15 பாகை என்று வையுங்கள். சுமார் 13 கிலோபாஸ்கல் ஒட்டுவலிமை கூடும். ஒன்றிரண்டு மீட்டர் ஆழச் சறுக்கலுக்கு இது பெரிய தொகை.

ஆனால் இது கடனாக வந்த வலிமை. காய்ந்த களிமண் கட்டியைக் கல்லால் தட்டினால்தான் உடையும். அதையே ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டால் சற்று நேரத்தில் ஓரம் உதிர்ந்து சேறாகிவிடும். நீண்ட மழை அணையின் கீழ்ச்சரிவில், அதாவது நீர்த்தேக்கத்துக்கு எதிர்ப்புறச் சரிவில், இதைத்தான் செய்கிறது. மேலே நீர் ஊறும்போது கசிவுநீர்க் கோடு இம்மியும் உயராமலே மேலடுக்கு சறுக்கலாம். அணைக்குள் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுமானிக் குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையைப் பாருங்கள். 1981 செப்டம்பரில், நீர்மட்டம் வேகமாக இறங்கியபின் மேல்நீர்ச் சரிவு (நீர்த்தேக்கத்தின் பக்கத்துச் சரிவு) சறுக்கியது. அடியில் இருந்த களிமண் அணை கட்டும்போது காய்ந்து கெட்டியாக இருந்தது. நீர்த்தேக்கம் நனைத்ததும் அந்த வலிமை போய்விட்டது.

உறிஞ்சுவிசையைக் கணக்கில் சேர்ப்பது தப்பில்லை. நனைந்த நிலைக்கும் தனியாக ஒரு கணக்குப் போடாமல் சேர்ப்பதுதான் தப்பு.