18 அடி கேபிள் என்ற கதை

அமெரிக்க லாரி ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாகச் சுற்றும் பேச்சு இது: "சிபி ரேடியோவுக்கு ஆன்டெனா கேபிள் சரியாக 18 அடி இருக்கணும், இல்லாவிட்டால் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறி ரேடியோ கெட்டுவிடும்." தவறு. (சிபி என்பது ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ; எஸ்.டபிள்யூ.ஆர் என்பது ஆன்டெனா ஏற்காமல் திரும்பி வரும் சக்தியைக் காட்டும் அளவு.)

சிபி இயங்கும் 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் பாதி 18 அடி. கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஆனால் ஆர்ஜி-58 போன்ற கேபிளுக்குள் அலை ஒளிவேகத்தில் ஏறக்குறைய 66 சதவீதத்தில்தான் போகும். அங்கே அரை அலை வெறும் 12 அடி! 50 ஓம் ஆன்டெனா, 50 ஓம் கேபிள் என்று பொருந்திவிட்டால் நீளம் எதுவானாலும் பெரிய வித்தியாசமில்லை. கேபிளை வெட்டும்போது எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டர் முள் ஆடினால், கோளாறு பெரும்பாலும் கிரவுண்டில், அதாவது வண்டியின் உலோக உடலோடு உள்ள இணைப்பில்.

லாரியின் இரு பக்கக் கண்ணாடிகளிலும் ஆன்டெனா வைப்பவர்களுக்கு மட்டும் 18 அடிக்கு அர்த்தம் உண்டு. அங்கே போவது 75 ஓம் கேபிள், முக்கால் அலை நீளம். இரண்டு ஆன்டெனாவையும் சேர்த்து 50 ஓமுக்குப் பக்கத்தில் கொண்டுவர அந்த அளவு வேண்டும். அதைத்தான் எல்லாருக்கும் பொதுவிதியாக்கிவிட்டார்கள்.

அப்புறம், கண்ணாடித் தாங்கி பெயின்ட் மேலேயோ கதவுக் கீலை நம்பியோ நின்றால் கிரவுண்ட் கிடைக்காது. பெயின்டைச் சுரண்டி, சேசிஸுக்குப் பட்டை வயர் இழுங்கள். பிறகு 1, 40 ஆகிய சேனல்களில் எஸ்.டபிள்யூ.ஆர் பாருங்கள். 40இல் அதிகமென்றால் ஆன்டெனா நீளமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள். 1இல் அதிகமென்றால் நீளத்தைக் கூட்டுங்கள்.