கணக்கு டீச்சருக்கு வெள்ளிக்கிழமை லீவு வேண்டாம்

இஸ்ரேலில் மதக் கட்டுப்பாட்டோடு வாழும் யூதப் பெண் ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்றால், "கணக்கும் மதமும் இடிக்காதா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது இடிக்கவில்லை. இடிப்பது டைம்டேபிள்.

அங்கே பள்ளி வாரம் ஞாயிறில் தொடங்கும். ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு நாள் வகுப்பில்லாமல் விடுவது வழக்கம். பிள்ளைக்காரிகள் போட்டி போட்டுக் கேட்பது வெள்ளியைத்தான், சப்பாத் (வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை வேலை விலக்கிய ஓய்வு நாள்) சமையலுக்கு ஆகுமே என்று. பைபிள் டீச்சர் கேட்கட்டும். கணக்கு டீச்சர் செவ்வாயைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் விடைத்தாள். முப்பது மாணவிகள், தாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம். பக்ரூத் என்னும் பள்ளியிறுதித் தேர்வில் 5 அலகு கணிதம், அதாவது உயர்ந்த நிலை, எடுக்கும் வகுப்பென்றால் அதற்கு மேலும் இழுக்கும். வகைக்கெழு காணும்போது ஒருத்தி ஒரு மைனஸை விட்டுவிடுகிறாள். அதன் பிறகு பெருமம், சிறுமம், வரைபடம் எல்லாமே தப்பாகத்தான் வரும். மைனஸுக்கு ஒரு முறை மதிப்பெண் குறைத்துவிட்டு, அவளுடைய தப்பான சமன்பாட்டையே வைத்து மீதியை டீச்சர் போட்டுப் பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் திருத்தினால் ஒரே தப்புக்கு மூன்று இடத்தில் வெட்டு விழும். மறுநாள் அழுகை, அம்மாவின் போன். (முப்பது தாளிலும் முதல் கேள்வியை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால் அளவுகோல் மாறாது, நேரமும் மிச்சம்.)

இந்த ஆறு மணி நேரம் வெள்ளியில் கிடைக்காது. சூரியன் மறைவதற்கு முன்பே மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும். ஜெருசலேம் வழக்கப்படி 40 நிமிடம் முன்னதாக. டிசம்பரில் அது மாலை நாலு மணிவாக்கிலேயே வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளி அரைநாள்தான், மதியத்துக்குள் வீட்டில் நிற்பார்கள். அப்புறம் சனி இரவு வரை பேனாவைத் தொட முடியாது. சப்பாத்தில் விலக்கிய 39 வேலைகளில் எழுதுவதும் உண்டு, அழிப்பதும் உண்டு. மனசுக்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கத் தடையில்லை, விடைத்தாள் கட்டு மட்டும் அசையாது. புதனன்று வைத்த தேர்வு அடுத்த புதனன்று கைக்கு வரும்போது, எதற்காக அந்தப் படியை எழுதினோம் என்பதே மாணவிக்கு மறந்திருக்கும்.

திங்களன்று தேர்வு, செவ்வாய் காலை பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பியதும் திருத்தல், புதனன்று தாள் கையில். இதுதான் ஓடும்.

"அப்போ சமையல்?" அதைப் புதன், வியாழனுக்குத் தள்ள வேண்டும். சப்பாத் சாப்பாட்டுக்கான ஹலா ரொட்டியை வாராவாரம் பிசைய வேண்டியதில்லை. ஒரு கிலோ மாவில் பிசைந்தால் பிசைந்ததில் ஒரு துண்டை எடுத்து வைக்கும் சடங்குக்கே அளவு எட்டாது. பரவலான கணக்குப்படி சுமார் 1.2 கிலோவிலிருந்து ஆசி சொல்லாமல் எடுப்பார்கள், 1.67 கிலோவுக்கு மேல் ஆசி சொல்லி எடுப்பார்கள். இன்னும் கறாரான கணக்கில் அதுவே 2.25 கிலோ. ஆகவே இரண்டரைக் கிலோவாகப் பிசைந்து, சுட்டு, ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மூன்று வாரம் கவலையில்லை. இரவு முழுக்க வேகும் சப்பாத் குழம்பான ஹமினுக்கு வியாழன் இரவே பீன்ஸ் ஊற வேண்டும். இறைச்சி, பார்லி, உருளைக்கிழங்கோடு மெழுகுவர்த்தி நேரத்துக்கு முன் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது வெந்திருக்க வேண்டும். அதன் பிறகு மின் தட்டில் விடிய விடிய இருக்கும். புதிதாகச் சமைப்பவர்கள் தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காலையில் அடிப்பிடித்த பானையைப் பார்ப்பார்கள். சப்பாத்தில் சமைக்கக் கூடாது என்பதால் இரவில் எழுந்து பச்சைத் தண்ணீர் ஊற்றும் வழி அங்கே கிடையாது. வெள்ளி காலை அடுப்புக்குப் பொறுப்பு கணவன். அவர் முழுநாளும் தால்முத் என்னும் யூதச் சட்ட நூலைப் படிப்பவராக இருந்து, வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது என்றால் இதில் பேரமே வேண்டாம்.

ஆண்டுத் திட்டத்தையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். செப்டம்பர் 1-இல் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே யூதப் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் வரிசையாக வரும். புதுப் பாடத்தை அதற்கு நடுவில் தொடங்கினால் திரும்ப முதலிலிருந்துதான். வசந்த காலப் பண்டிகையான பெசாக் 2026-இல் ஏப்ரல் 1 மாலை தொடங்கியது. 2027-இல் யூத நாட்காட்டிக்கு ஒரு மாதம் கூடுதலான நெட்டாண்டு, அதனால் ஏப்ரல் 21 மாலை. கோடைப் பருவத் தேர்வு அதற்காக மூன்று வாரம் தள்ளிப்போகாது. ஆகவே திருப்புதலை விடுமுறைக்கு முன்பே முடிப்பதுதான் புத்தி. பெசாக்குக்காக வீட்டைக் கழுவித் துடைக்கும் வாரங்களும் அவைதான் என்பது தனி வேதனை.

செவ்வாய் லீவுக்கு விலை, வெள்ளி வகுப்பு. குறுகிய நாள், மாணவிகளின் மனசு வீட்டில். அன்று புதுப் பாடம் எடுக்காமல் தால்முத்திலேயே இருக்கும் ஒரு கணக்கைப் போடலாம். இறந்தவரின் மூன்று மனைவியருக்குத் திருமண ஒப்பந்தப்படி 100, 200, 300 சேர வேண்டும். சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம். 200 என்றால் 50, 75, 75. 300 என்றால் 50, 100, 150. என்ன விதி இது? மதப்பற்றுள்ள யூதரும் 2005-இல் பொருளாதார நோபல் பெற்றவருமான ராபர்ட் ஔமன், மைக்கேல் மாஷ்லரோடு சேர்ந்து 1985-இல் இதை விளக்கினார்: யாருக்கும் தன் உரிமையில் பாதியைத் தாண்டாதவரை சமமாகக் கொடு. பாதியை எட்டியவர் அங்கேயே நிற்க, மீதி அடுத்தவர்களுக்கு. சொத்து 300-ஐத் தாண்டினால் இதே விதியை நஷ்டத்துக்கு, அதாவது கிடைக்காமல் போகும் தொகைக்குப் போட வேண்டும். 400-க்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு டீச்சர் உட்காரலாம். நஷ்டம் 50, 75, 75 என்று பிடிப்பவள், 50, 125, 225 என்று விடை சொல்வாள். பீரியட் முடிய மணி அடித்திருக்கும்.