'குக்கர்ல போட வேண்டியதுதானே' என்று இனி யாரும் என் அடுப்பங்கரையில் நின்று சொல்லாதீர்கள்

"ஒரு கறிக்கு அஞ்சு மணி நேரமா? குக்கர்ல ஆறு விசில் விட்டா முடிஞ்சுது அண்ணி."

என் கொழுந்தன் வருடா வருடம் டிசம்பர் 24 சாயங்காலம் வந்து சொல்லும் வார்த்தை இது. பதினோரு வருடமாகக் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மதியத்துக்கு மாட்டுக்கறி மிளகு வறுவல்தான். என் மாமியார் கைப்பக்குவம். பெரம்பூரில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்திருந்த காலத்திலிருந்து அவர் செய்தது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இருபத்திரண்டு பேருக்கு ஆறு கிலோ கறி. 23-ஆம் தேதி இரவே மஞ்சள், இஞ்சி பூண்டு, இடித்த மிளகு, வினிகர் போட்டுப் பிசறி வைக்க வேண்டும். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பில் ஏற்றினால் ஏழு மணிக்கு இறங்கும். ராத்திரி முழுக்க அப்படியே ஊறி, 25-ஆம் தேதி காலை ஆராதனை முடிந்து வந்து சூடு பண்ணும்போதுதான் அது கறி. அன்றைக்கே செய்து அன்றைக்கே சாப்பிட்டால் மிளகு தனியாக நிற்கும், கறி தனியாக நிற்கும்.

முதல் எரிச்சல் கறிக்கடையிலேயே ஆரம்பித்துவிடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் ஆடுசதையும் கொஞ்சம் நெஞ்சுக்கறியும் வேண்டும், பெரிய துண்டாக வெட்டுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். போன் பேசிக்கொண்டே தொடைக்கறியை எடுத்துக் குழம்புக்கு வெட்டுவதுபோல் நறுக்கித் தள்ளிவிட்டார். "இதுதான்மா நல்ல கறி, சவ்வே இல்லை" என்று சமாதானம் வேறு. எனக்கு அந்தச் சவ்வுதானய்யா வேண்டும்! திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் மறுபடி கடைசியில் போய் நின்று, கேட்டதை வாங்கி வந்தேன். ஒன்றே கால் மணி நேரம்.

சவ்வு ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். நடந்து நடந்து உழைத்த சதையில்தான் அது நிறைய இருக்கும். ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் போனால் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும், ஆனால் நிதானமாகத்தான் மாறும். அதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அப்படி மாறிய பிறகுதான் மசாலா உதட்டில் ஒட்டுகிற பதத்துக்கு வரும், கறியைக் கரண்டியால் தொட்டாலே பிரியும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும். சவ்வு சீக்கிரம் கரையும், உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டில் சதை இறுகி, தன்னிடம் உள்ள சாற்றையெல்லாம் வெளியே தள்ளிவிடும். மூடி இறுக்கமாக இருப்பதால் தண்ணீரும் வற்றாது. திறந்து பார்த்தால் கறி நார் நாராக, மசாலா தண்ணியாக. குக்கருக்கு நான் எதிரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு நானும் அதில்தான் வைக்கிறேன். வருடத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படிச் செய்கிறேன் என்றால் என்ன குறைந்துவிட்டது?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 24-ஆம் தேதி மதியம் ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்து வதக்கினேன். வீடியோக்களில் "ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும்" என்கிறார்கள். பச்சைப் பொய். ஒரு கிலோ வெங்காயம் சிவக்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது, அதுவும் பக்கத்திலேயே நின்று கிளறியதால். அந்த ஐந்து நிமிடக் கணக்கை நம்பித்தான் வீட்டில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்து "இன்னுமா முடியலை?" என்று கேட்கிறார்கள். வெட்டி ஒட்டிய வீடியோவில் நாற்பது நிமிடம் நின்றவளின் கால்வலி தெரியாது.

கறியைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி, சிம்மில் வைத்தேன். அதன் சத்தமே வேறு. மூடியில் காதை வைத்தால் 'ப்ளக்' என்று ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. அந்தச் சத்தம் வந்துவிட்டால் பிறகு தொடவே கூடாது. மூடியைத் திறக்கக்கூடாது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளிருக்கும் சூடு போய்விடும், மறுபடி ஏற நேரம் பிடிக்கும். ஆனால் யார் கேட்கிறார்கள்? வருகிறவர்கள் எல்லாம் மூடியைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு "வாசனை தூக்குது" என்று சொல்லிப் போகிறார்கள். நான்கு மணிக்குள் ஏழு பேர். எண்ணினேன்.

நாலரை மணிக்குக் குளிக்கப் போனேன். பத்து நிமிடம், அவ்வளவுதான். ஈரத்தலையோடு வெளியே வரும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. ஓடினேன். பாத்திரம் பெரிய பர்னரில், தீ முழுசாக. "கேஸ் வீணாகுதுன்னு நான்தான் கொஞ்சம் ஏத்தி வச்சேன்" என்கிறார் கொழுந்தன். அடிப்பிடித்துவிட்டது.

அடியைச் சுரண்டாமல் மேலே இருந்த கறியை மட்டும் ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினேன். சுரண்டினால் கருகல் மொத்தத்திலும் ஏறிவிடும். நாற்பது நிமிடம் நின்று வதக்கிய வெங்காயம் பாதி அடியில் கரியாகக் கிடந்தது. மறுபடி வெங்காயம் உரித்தேன், வதக்கினேன். இரவு ஒன்பதரைக்குத்தான் இறக்கினேன். காலை நான்கு மணிக்கு எழுந்து ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். ஒருவர்கூட "நான் உரிக்கிறேன், நீ உட்கார்" என்று சொல்லவில்லை. என் மாமியார் மட்டும் வெங்காயத் தட்டை மடிமேல் வாங்கிக்கொண்டார். எழுபத்தாறு வயது, மூட்டுவலி.

கேஸ் வீணாம்! சின்ன பர்னரில் சிம்மில் எரிவது எவ்வளவு என்று யாராவது பார்த்ததுண்டா? 14.2 கிலோ சிலிண்டரில் அது ஒரு கணக்கே இல்லை. அவர் பெரிய பர்னரில் எரித்ததும், அதனால் நான் இரண்டாவது முறை அடுப்பு மூட்டியதும்தான் வீண்.

இன்னொன்று சொன்னால்தான் என் கோபம் புரியும். இதே மனிதர், நெடுஞ்சாலையில் 'விறகு அடுப்பு பிரியாணி' என்று போர்டு பார்த்தால் வண்டியை ஓரம் கட்டுகிறவர். ரமலான் மாதத்தில் ஹலீம் வாங்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கிறவர். "பத்து மணி நேரம் கிண்டுறாங்க அண்ணி, அதான் அந்த டேஸ்ட்" என்று எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். ஹைதராபாத் ஹலீமுக்கு 2010-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த நிதானமும் சேர்த்துத்தான் அதற்குப் பெயர். கடைக்காரர் பத்து மணி நேரம் கிண்டினால் பக்குவம். நான் ஐந்து மணி நேரம் வைத்தால் வேலை தெரியாதவளா? அங்கே நேரத்துக்குக் காசு கொடுக்கிறீர்கள். இங்கே என் நேரம் இலவசம் என்பதால் அதற்கு மதிப்பே இல்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இஞ்சி ஒயினுக்கும் இதே கதி. பெயரில்தான் ஒயின், சாராயச் சத்து கிடையாது, சின்னப் பிள்ளைகளும் குடிக்கலாம். டிசம்பர் 15-ஆம் தேதியே போட்டுவிட்டேன். கால் கிலோ இஞ்சியைத் தட்டி, எட்டு காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு சேர்த்து நான்கு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, இரண்டு கிலோ சர்க்கரை. நிறத்துக்குக் கொஞ்சம் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி ஊற்ற வேண்டும். ஒரு நொடி தவறினால் கசந்துவிடும். ஆறியதும் எலுமிச்சைச் சாறு. பத்து நாள் அசையாமல் இருந்தால் மண்டி எல்லாம் அடியில் தங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். சின்ன கிளாஸில் ஒரு வாய் குடித்தால் தொண்டையிலிருந்து நெஞ்சு வரை சூடாக இறங்கும். கறி சாப்பிட்ட வயிற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது.

25-ஆம் தேதி மதியம் நான் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கும்போது யாரோ பாட்டில்களைக் குலுக்கிவிட்டார்கள். "கலந்து குடிக்கணும்னு நினைச்சேன்" என்றார்கள். பத்து நாள் தெளிந்தது ஒரே குலுக்கலில் கலங்கல். மேலே இரண்டு லிட்டர் கோலாவை வேறு ஊற்றி, பாதி குடித்து, மீதியை டம்ளரிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் அந்த டம்ளர்களைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. சிங்க்கில் போனது கோலா மட்டுமா?

கறி நன்றாகத்தான் இருந்தது. ஆறு கிலோவில் ஒரு கரண்டி மிஞ்சவில்லை. "போன வருஷத்தைவிட சூப்பர்" என்று முதலில் சொன்னவர் அதே கொழுந்தன்தான். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வரும் டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்கு நான் அடுப்பு பற்ற வைப்பேன். கறி வேண்டும் என்பவர்கள் பன்னிரண்டு மணிக்கே வந்து வெங்காயம் உரிக்கட்டும். குக்கர் மேல் அலமாரியில் இருக்கிறது. ஆறு விசில் வேண்டும் என்பவர் எடுத்துக்கொண்டு தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.