சோனிக்குப் பணிவு வந்த கதை

டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டியான கன்சோலை விற்கும் கம்பெனிக்காரர்கள் மேடையேறி, அதற்குக் கேம் செய்து கொடுக்கும் வெளி டெவலப்பர்களை 'எங்கள் பார்ட்னர்கள்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும். சந்தையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்த மரியாதை ஏறும், இறங்கும்.

80களில் நின்டெண்டோ வைத்ததுதான் சட்டம். அமெரிக்காவில் அதன் என்இஎஸ் கன்சோலுக்கு ஒரு வெளி நிறுவனம் வருஷத்துக்கு 5 கேம்தான் விடலாம். கேம் அடங்கிய கேட்ரிட்ஜை, அதாவது கன்சோலில் செருகும் சிப் பெட்டியை, நின்டெண்டோவே தயாரிக்கும், பணத்தை முன்னாலேயே கட்ட வேண்டும், விற்காமல் தேங்கினால் நஷ்டம் கேம் செய்தவன் தலையில். அதே கேமை 2 வருஷத்துக்கு வேறு கன்சோலுக்கும் கொடுக்கக் கூடாது. 5 போதாத கோனாமி என்ற கேம் நிறுவனம், 'அல்ட்ரா கேம்ஸ்' என்று இன்னொரு போர்டு மாட்டிக்கொண்டு கூடுதலாக விற்றது! 1983இல் குப்பை கேம்கள் குவிந்து அமெரிக்கச் சந்தையே படுத்துவிட்டதால் தரம் பற்றிய பயம் நியாயம்தான். ஆனால் இத்தனை கெடுபிடியும் தரத்துக்காக மட்டும் என்றால் நான் நம்ப மாட்டேன்.

1994இல் பிளேஸ்டேஷனோடு வந்த சோனி புது ஆள். வெளியாட்கள் கேம் கொடுக்காவிட்டால் பெட்டி ஓடாது என்று தெரியும். சிடி அச்சடிக்கச் செலவு குறைவு, தீர்ந்தால் சட்டென்று மறுபடி அடிக்கலாம். நின்டெண்டோவோ 1996இலும் கேட்ரிட்ஜை விடவில்லை. அதுவரை நின்டெண்டோவிலேயே வந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேன்டஸி கேம் வரிசையின் ஏழாம் பாகத்தை, 1997இல் அதைச் செய்த ஸ்கொயர் நிறுவனம் 3 டிஸ்க்கில் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்புறம் பிஎஸ்2, அதாவது இரண்டாம் பிளேஸ்டேஷன், விற்ற விற்பனையில் சோனிக்கும் தலை கனத்தது. 2006இல் வந்த பிஎஸ்3க்குள் இருந்த செல் சிப்பைப் பாருங்கள். கணக்குப் போடும் பகுதியான கோரில் முக்கியமானது ஒன்று, கூடவே துணை கோர்கள். ஒவ்வொரு துணை கோருக்கும் சொந்த மெமரி வெறும் 256 கேபி. டேட்டாவைத் துண்டு துண்டாக நறுக்கி அதற்குள் அனுப்புவதும், கணக்கு முடிந்ததும் வெளியே எடுப்பதும் புரோகிராமர் பொறுப்பு. 2009இல் சோனியின் கேம் பிரிவுத் தலைவர் கசுவோ ஹிராய் இதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தார்: எளிதாக இருந்தால் எல்லாரும் சீக்கிரமே முழுத் திறனையும் பயன்படுத்திவிடுவார்களாம், மிச்ச ஒன்பதரை வருஷம் என்ன செய்வது என்றார். ராத்திரி பகலாகப் புரோகிராம் எழுதியவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அதே காலத்தில் பின்னாலிருந்து துரத்திய மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு 256 எம்பி மெமரி போதும் என்றுதான் இருந்தது. கேம் நிறுவனமான எபிக் விடாப்பிடியாக நின்று 512 கேட்டது. கூடுதல் செலவை விழுங்கிக்கொண்டு கொடுத்தார்கள். டெவலப்பர் உறவு என்றால் எனக்கு இதுதான். சிப் முடிவாவதற்கு முன்னால் கேட்க வேண்டும். பார்ட்டி, டி-ஷர்ட் எல்லாம் யாருக்கு வேண்டும்?

சூடுபட்ட சோனி, பிஎஸ்4க்கு முன்னால் அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னியை ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அனுப்பியது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, துண்டு துண்டாகப் பிரிக்காத ஒரே மெமரி என்பதுதான் பெரிய கோரிக்கை. 2013இல் 8 ஜிபி அப்படியே வந்தது.

இப்போது பின்தங்கி நிற்பது மைக்ரோசாஃப்ட். டொரான்டோவின் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை, 2023 ஜூலையில் வெளியான அன்றே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் கிடைத்தது. நம் ஊரில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி தங்கைகள் முதலில் தட்ட வேண்டியது, இப்படித் தோற்றுக்கொண்டிருக்கிறவர்களின் கதவைத்தான்.