வண்டியோட வயசப் பாக்காதீங்க, புகையப் பாருங்க

நேத்து ராத்திரி அந்த டிவி விவாதத்தப் பாத்ததுலேந்து மனசே ஆறல. கிளிப் உங்க எல்லாருக்கும் வந்திருக்கும். அதுல பேசுன ஒருத்தர் சொல்றாரு, 15 வருஷம் தாண்டுன டூவீலர் எல்லாம் ரோட்டுல ஓடுற குப்பையாம், டெல்லி மாதிரி இங்கயும் பெட்ரோல் போடக்கூடாதாம், ஜாக்கெட் கிளவுஸ் இல்லாம எவனும் வண்டியெடுக்கக் கூடாதாம். கூட இருந்த மூணு பேரும் தலையாட்டுறாங்க, ஒருத்தருக்குக் கூட "அந்த வண்டி எவ்ளோ புகை விடுது சார்"னு கேக்கத் தோணல.

எங்க வீட்ல நிக்கறது 2004 மாடல் ஸ்ப்ளெண்டர், அப்பா வாங்குனது. ஞாயித்துக்கிழமையானா பழைய பனியன் துணிய எடுத்துக்கிட்டு குத்துக்கால் போட்டு உக்காந்து செயின் கவர் இடுக்கு வரைக்கும் தொடைப்பாரு. ஆயில் மாத்துன தேதியும் கிலோமீட்டரும் ஒரு சின்ன டைரில 20 வருஷமா எழுதி வச்சிருக்காரு. போன தடவ புகை டெஸ்ட்ல கார்பன் மோனாக்சைடு 0.9 வந்துச்சு, அந்த வண்டிக்கு சட்டம் விடுறது 3.5 சதவீதம். இதுதாங்க அந்த டிவிக்காரர் சொன்ன குப்பை.

இன்னொன்னு தெரியுமா? பிஎஸ்-4, பிஎஸ்-6ன்னு புது புகை விதிப்படி செஞ்ச வண்டிக்கு புகை சர்டிபிகேட் ஒரு வருஷத்துக்கு செல்லும், எங்களது மாதிரி பழைய வண்டிக்கு ஆறே மாசம்தான். 15 வருஷம் முடிஞ்சா ஆர்டிஓ ஆபீஸ்ல கொண்டு போய் காட்டி அஞ்சஞ்சு வருஷமா ஆர்சிய புதுப்பிக்கணும். 20 வருஷம் தாண்டுன பைக்குக்கு அந்த ஃபீஸ 2025ல 2,000 ரூபா ஆக்கிட்டாங்க. அதையும் கட்டத்தான் போறோம். ஏற்கனவே அதிகமா செக் பண்றது பழைய வண்டியத்தான், அப்புறம் என்ன தடை?

டெல்லிக்கே வருவோம். பெட்ரோல் வண்டிக்கு 15, டீசலுக்கு 10 வருஷம், அதுக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு பசுமைத் தீர்ப்பாயம் சொன்னத 2018ல சுப்ரீம் கோர்ட்டும் ஒத்துக்கிச்சு. 2025 ஜூலை 1லேந்து பங்க்ல கேமரா வச்சு பழைய வண்டிக்கு பெட்ரோல் கிடையாதுன்னாங்க. ரெண்டு மூணு நாள் கூட தாங்கல, ஜனங்க கொதிச்சதுல நிறுத்தி வச்சாங்க. ஏன்னா கேமரா நம்பர் பிளேட்டத்தான் படிக்கும், சைலன்சரப் படிக்காது. பராமரிக்காத அஞ்சு வருஷ வண்டி கருகருன்னு கக்கிட்டு பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போகும், எங்கப்பா தள்ளிக்கிட்டு வரணும். வயசப் பாக்காதீங்க, புகையப் பாருங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான்.

"அப்ப உனக்கு சேஃப்டி முக்கியமில்லையா"ன்னு உடனே வருவீங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு வளைவுல கொட்டிக் கெடந்த மணல்ல சறுக்கி விழுந்தவன் நான். விழும்போது கை தானா முன்னாடி போய் ஊனும், நம்ம கட்டுப்பாட்டுலயே இருக்காது. உள்ளங்கைல ஏறுன பொடிக்கல்ல அந்த நர்ஸக்கா இடுக்கியால ஒவ்வொண்ணா எடுத்தாங்க, அரை மணி நேரம். ஹெல்மெட்ல தாடைப்பக்கம் மொத்தமா தேஞ்சிருந்துச்சு, அது என் தாடையா இருந்திருக்கும். அன்னிலேந்து கிளவுஸ் இல்லாம நான் வண்டியெடுக்கறதில்ல. புது வண்டியோட ரெண்டு ஐஎஸ்ஐ ஹெல்மெட் தரணும்னு 2025ல வரைவு விதி வந்தப்ப முதல்ல கை தட்டுனவனும் நான்தான். ஹெல்மெட் போடாதவனுக்கு 1,000 ரூபா ஃபைன் போடுங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்.

ஆனா ஜாக்கெட்? வேலூர் வெயில்ல, மே மாசத்துல, 41 டிகிரில, சிக்னல்ல நிக்கற கொத்தனாருக்கா? ஓரளவு உருப்படியான ஜாக்கெட் 5,000 ரூபா, அவரோட ஒரு வார சம்பளம். பிரான்ஸ்ல 2016லேந்து கிளவுஸ் கட்டாயம், பாரிஸ்ல 1999 ஜூனுக்கு முந்தின பைக்க வேலைநாள் பகல்ல விடறத 2016லயே நிறுத்திட்டாங்கன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல பாடம் எடுக்கறாரு. உண்மைதான் தம்பி, அங்க வீட்டுக்குப் பக்கத்துலயே மெட்ரோ நிக்குது. எங்க ஊருக்கு கடைசி பஸ் ஒம்போதரை, அதுவும் வந்தாத்தான். உயிர் காக்கற ஹெல்மெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிக்கிட்டு ஜாக்கெட்டுக்கு ஃபைன் போடணும்னு பேசறது எந்த ஊர் நியாயம்? மொதல்ல அந்த வளைவுல மணல அள்ளுங்க, மூணு வருஷமா அங்கயேதான் கெடக்கு.

டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயில் புகை கக்குதுன்னு சொன்னா ஒத்துக்கறேன், டெஸ்ட்ல ஃபெயிலானா ஓரங்கட்டுங்க. "சென்டிமென்ட் பேசற"ன்னு சொல்றவங்களுக்கு மட்டும் எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஆமா, சென்டிமென்ட்தான். என்ன காலேஜ்ல சேக்க அப்பா கூட்டிட்டுப் போன வண்டி, அம்மாவ ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போன வண்டி. புதுசு வாங்க லட்ச ரூபா அவர்கிட்ட இல்ல, என்கிட்டயும் இப்போதைக்கு இல்ல. நேத்து அந்த விவாதத்த அவரும் என் பக்கத்துல உக்காந்துதான் பாத்தாரு. ஒண்ணும் பேசல. எழுந்து போய் வண்டி மேல கவரப் போட்டுட்டு வந்து படுத்துட்டாரு.

அடுத்த டெஸ்ட் வர்ற 14ஆம் தேதி. நானும் அவர்கூடப் போறேன், ரீடிங் சீட்ட போட்டோ எடுத்து இங்கயே போடறேன்.