எங்கள் பிள்ளைகளுக்கு எக்செல் மட்டும் போதுமா?

வடசென்னைப் பிள்ளைகள் படிக்கிற நம் கல்லூரி விழா வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள். பி.காம் படிக்கிற பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு, வரலாறு எதற்கு, அந்தப் பீரியடில் எக்செல் சொல்லிக்கொடுங்கள் என்று சிறப்பு விருந்தினர் பேச, கீழே ஒரே கைதட்டல். இப்போது முதல் வருஷத்துத் தமிழ் வகுப்பில் பாதி பிளேஸ்மென்ட் டிரெயினிங்குக்குப் போய்விட்டது. என் மகள் அங்கேதான் படிக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். இதே சென்னையில் ஐஐடியில் பி.டெக் படிக்கிறவர்கள் இலக்கியம், தத்துவம், வரலாறு, பொருளாதாரம் மாதிரிப் பாடங்களில் சிலவற்றையாவது எடுத்தே ஆக வேண்டும். இன்ஜினியருக்கு இதெல்லாம் எதற்கு என்று அங்கே போய்ப் பேசுவார்களா? வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பிள்ளை என்றால் மட்டும் வேலைக்கு வேண்டியது போதும் என்று யார் முடிவு செய்தது?

நானும் பி.காம்தான். எங்கள் தமிழ் ஐயா, தமிழறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான திரு.வி.க.வைப் பற்றிப் பாடம் எடுத்தபோது, 1918இல் பின்னி துணி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வீட்ல பெரியவங்களைக் கேட்டுட்டு வாங்க" என்றார். என் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர். அதுவரை எனக்கு அவர் வாசலில் உட்கார்ந்து இருமுகிற கிழவர், அவ்வளவுதான். அன்று ராத்திரி தன் அப்பா சொன்னதையும் சேர்த்து அவர் பேசப் பேச, என் அப்பாவே வாயடைத்துப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் பாதி தெரியாது. 1996இல் மில்லை மூடிவிட்டார்கள், தாத்தாவும் இப்போது இல்லை. அந்த வகுப்பு இல்லையென்றால் நான் அவரிடம் கேட்டிருக்கவே மாட்டேன்.

கணக்குதான் எனக்குச் சோறு போடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் லாப நட்டக் கணக்கில் 'கூலி' என்ற வரியைக் குறைக்கச் சொல்லும்போது, அந்த வரிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிவது அந்தத் தமிழ் வகுப்பால்தான்.

வேலை கிடைக்காவிட்டால் நீயா சோறு போடுவாய் என்று கேட்பீர்கள். நியாயம், நானும் ஃபீஸ் கட்டத் திணறுகிற அப்பன்தான். எக்செல் சொல்லிக்கொடுங்கள், சாயங்காலம் கொடுங்கள், சனிக்கிழமை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? இருக்கிற ஒரே ஜன்னலை ஏன் அடைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எக்செல்லும் யூடியூபில்தான் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படிந்ததே, படகும் வலையும் கறுத்துப் போனதே, மறந்துவிட்டோமா? கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடப்பது தெரியாதா? நாளைக்கு இன்னொரு ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால், அந்தத் தடிமனான சுற்றுச்சூழல் அறிக்கையைப் படித்து, அதில் எழுதியிருப்பது வேறு, ஆற்றில் இருப்பது வேறு என்று மைக் பிடித்துச் சொல்ல வேண்டியவர்கள் இந்தப் பிள்ளைகள். படிக்கவும் கேள்வி கேட்கவும் பேசவும் எந்தப் பீரியடில் பழகுவார்கள்?

அந்தச் சிறப்பு விருந்தினர் பேசியதுகூட எனக்குப் பெரிதில்லை, வந்தார், பேசினார், போய்விட்டார். கைதட்டினவர்களில் பாதிப் பேர் நம் தெருக்காரர்கள், நம் வீட்டுப் பெரியவர்களும் அதே மில்லில் உழைத்தவர்கள். அதுதான் தாங்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எடுத்த தமிழ்ப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள்.