பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட்டின் பெயர்

2022-இல் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் போட்டு சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த அட்டை ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அட்டை. சரி, விற்கட்டும். ஆனால் அந்த அட்டை அச்சானதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பே இதே போன்ற பாக்கெட்டுகளில் வந்த நாடக நடிகைகளின் அட்டைகள் பல, இன்றும் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கின்றன. எனக்கு மனசு ஆறவில்லை.

1880-களில் அமெரிக்க சிகரெட் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் வரும், சட்டைப்பையில் நசுங்கிவிடும். அதற்காகச் செருகிய அட்டையில் படம் போட ஆரம்பித்தார்கள். அப்புறம் சிகரெட் சுற்றும் போன்சாக் இயந்திரம் வந்தது. அதுவரை கையால் சுற்றிய சிகரெட் இப்போது இயந்திரத்திலிருந்து மலையாகக் குவிந்தது. குவிந்ததை விற்க வேண்டுமே! ரிச்மண்டில் ஆலன் அண்ட் கின்டர், நியூயார்க்கில் கின்னி, டர்ஹாமில் டியூக் என எல்லோரும் ஓடியது நடிகைகளின் படத்துக்குத்தான். இந்தியாவில் விற்ற வில்ஸ் கம்பெனியின் சிசர்ஸ் பாக்கெட்டிலும் பிற்பாடு நடிகை அட்டைகள் வந்தன.

லில்லியன் ரஸ்ஸல், சாரா பெர்னார்ட் போன்ற பெரிய பெயர்களை விடுங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெயரில்லாத ஒரு பெண்ணின் அட்டையை. ஆண் வேடம், இடுப்பில் வாள், பின்னால் திரையில் தீட்டிய மரம். முழங்கால் பக்கம் காலுறை லேசாகச் சுருங்கியிருக்கிறது. அன்று மாலையும் அவள் மேடையேறிப் பாடியிருப்பாள் என்றே எனக்குத் தோன்றும். கீழே அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட்டின் பெயர்!

டியூக் கம்பெனியைத் தொடங்கிய வாஷிங்டன் டியூக், இந்தப் படங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று 1894-இல் மகனுக்கே கடிதம் எழுதினார். அவர் பக்திமான், புரிகிறது. ஆனால் அவருக்கு உறுத்தியது படம். அதிலிருந்தவள் உழைத்துச் சம்பாதித்த ஒரு கலைஞர் என்பது அந்தப் பேச்சில் எங்கே வருகிறது? இன்றும் பலர் இவற்றை ‘அழகிகள் அட்டை’ என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். எனக்கு இவை நாடக வரலாறு. பல துணை நடிகைகளுக்கு மிஞ்சிய ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒதுக்காத ஒருவர் இருந்தார். சைரக்யூஸ் ஊர்க்காரர் ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன மனிதர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். பேஸ்பால் தொடருக்கும் எண், நடிகைகள் தொடருக்கும் எண். அவர் பட்டியலில் பேதமே கிடையாது. 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்த அட்டைகள் பலவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பேஸ்பால் பக்கத்தைத் தாண்டிப் போய் இந்தப் பெண்களையும் கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பாருங்கள்.